பக்கத்துக் குரலைக் கேட்பது: சேர்ந்து பாடப் பழக்குவதற்கு ஓர் அறிமுகம்

ஆறு மாணவிகள். ஆறு பேருமே தனிப்பாட்டுப் போட்டிகளில் பரிசு வாங்கியவர்கள். கல்லூரி ஆண்டு விழாவில் இறைவணக்கம் பாட வேண்டும், கொஞ்சம் வந்து பார்த்துக் கொடுங்கள் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு முறை பாடச் சொல்லிக் கேட்டேன். யாருக்கும் சுருதி விலகவில்லை, தாளம் தப்பவில்லை. ஆனாலும் கேட்கச் சகிக்கவில்லை. ஒரே மேடையில் ஆறு கச்சேரி நடந்துகொண்டிருந்தது.

"எங்க சார் தப்பு?" என்றாள் ஒரு பெண்.

"நீ பாடும்போது உன் வலது பக்கத்துல நிக்கிறவ எப்படிப் பாடினா?"

அவள் திரும்பிப் பக்கத்துப் பெண்ணைப் பார்த்தாள். பதில் இல்லை. அந்தக் கேள்வியிலிருந்துதான் நான் எப்போதும் பயிற்சியைத் தொடங்குவேன்.

சேர்ந்து பாடுவதைத் தமிழில் சேர்ந்திசை என்கிறோம். தேவாலயங்களில் பாடகர் குழு, கொயர் என்பார்கள். பெயர் எதுவானாலும் தனியாகப் பாடுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒன்றுதான். தனியாகப் பாடும்போது உங்கள் குரலை நீங்கள் கேட்டால் போதும். குழுவில் பாடும்போது மற்றவர் குரலைக் கேட்டுக்கொண்டே உங்கள் குரலை அதற்குள் வைக்க வேண்டும். தொண்டைக்கு இதில் வேலை குறைவு, காதுக்குத்தான் அதிகம். சங்கீதம் முறையாகக் கற்றவர்களுக்கு இது சட்டென்று வராது. பல வருடம் தனித்துத் தெரியத்தான் அவர்கள் பழகியிருக்கிறார்கள். ஒன்றுமே தெரியாமல் வருகிறவர் சில நேரம் இதை வேகமாகப் பிடித்துக்கொள்வார்.

நமக்கு இது புதிய விஷயமும் அல்ல. திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையின்போது நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடுகிறார்கள். பஜனை மடங்களில் ஒரு குழு பாட மறு குழு வாங்கிப் பாடுவது வழக்கம். 1970களின் தொடக்கத்தில் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் மெட்ராஸ் யூத் கொயரை உருவாக்கி, பாரதியார் பாடல்களைக்கூடப் பல குரல் அடுக்குகளில் பாட வைத்தார். இதையெல்லாம் விடுங்கள், தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன ஒவ்வொருவரும் ஒரு சேர்ந்திசையில் பாடியவர்தான். தமிழ்த்தாய் வாழ்த்து 1970 முதல் அரசு விழாக்களில் ஒலிக்கிறது. 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை, 55 விநாடியில் பாட வேண்டும், இசைத்தட்டைப் போடாமல் பயிற்சி பெற்றவர்கள் வாயால் பாட வேண்டும் என்று சொன்னது. எனக்கு மிகவும் பிடித்த அரசாணை அது. மோகன ராகத்தில் ஐந்தே சுவரங்கள், எல்லாருக்கும் மனப்பாடம். புதிய குழுவோடு உட்காரும்போது நான் முதலில் எடுப்பது அந்தப் பாட்டைத்தான். வரிகளைச் சொல்லித்தர நேரம் போகாது, நேராகக் கேட்கும் வேலைக்குப் போய்விடலாம்.

சத்தத்திலிருந்து தொடங்குவோம்

இரைச்சலான இடத்தில் நாம் தெரியாமலே குரலை உயர்த்துவோம். கல்யாண மண்டபத்தில் நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் இதைப் பதிவு செய்ததால் லொம்பார் விளைவு என்று பெயர். குழுவில் இதுதான் முதல் எதிரி. என் குரல் எனக்குக் கேட்கவில்லை என்று நான் கொஞ்சம் ஏற்றுவேன். அதனால் உங்களுக்கு உங்கள் குரல் கேட்காது, நீங்களும் ஏற்றுவீர்கள். இரண்டாவது சரணம் வருவதற்குள் எல்லாரும் கத்திக்கொண்டிருப்போம். கத்தும்போது யாரும் யாரையும் கேட்பதில்லை.

மாணவர்களுக்கு ஒரே ஒரு விதி சொல்லித்தருவேன். பக்கத்தில் நிற்பவர் குரல் காதில் விழவில்லை என்றால் நீங்கள் அதிகமாகப் பாடுகிறீர்கள். ஒத்திகையின் முதல் கால் மணி நேரம் முழுக்க, தூங்கும் குழந்தை எழுந்துவிடக் கூடாது என்கிற அளவுக்கு மெல்லப் பாட வைப்பேன். "எனர்ஜி இல்லையே சார்" என்பார்கள். இருக்கட்டும். ஒருவருக்கொருவர் கை நீட்டும் தூரத்தில் தள்ளி நிற்கச் சொல்வதும் உதவும். நெருக்கி அடித்துக்கொண்டு நின்றால் தன் குரல் தனக்கே தெரியாமல் போய்விடும்.

ஒரே சுருதி என்றால் எவ்வளவு ஒரே?

இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்தி ஒரே சுவரத்தை "ம்" என்று முனகச் சொல்லுங்கள். இருவரும் சரியாக ஒன்றினால் ஒலி அசையாமல் நிற்கும். கொஞ்சம் விலகினால் ஓர் உரசல் கேட்கும், வௌ… வௌ… வௌ என்று அலையடிக்கும். ஒருவர் விநாடிக்கு 220 அதிர்விலும் மற்றவர் 222இலும் பாடினால் விநாடிக்கு இரண்டு அலை. நெருங்க நெருங்க அலை மெதுவாகி, சேரும்போது நின்றுவிடும். இதை ஒரு முறை காதால் பிடித்தவர் பிறகு மறக்க மாட்டார். சுருதி என்பது சரி, தப்பு என்று இரண்டே பெட்டிகளில் அடைபடும் பொருள் இல்லை, நெருங்கிப் போய்ச் சேருகிற இடம் என்பது அப்போது புரிந்துவிடும். நான் பத்து நிமிடம் பேசினாலும் அது புரியாது.

நம் ஊரில் ஒரு வசதி இருக்கிறது. தம்பூரா ஆப் ஒன்றைக் கைப்பேசியில் போட்டு ஸ்பீக்கரில் விட்டால் குழுவின் காலடியில் தரை கிடைத்துவிடுகிறது. ஆனால் அதையே ஊன்றுகோலாக்கிவிடக் கூடாது. ஒரு சரணத்தைத் தம்பூராவோடு தொடங்குங்கள். நடுவில் நிறுத்துங்கள். குழு பாடிக்கொண்டே இருக்கட்டும். கடைசி வரியில் மறுபடி போடுங்கள். பெரும்பாலும் குழு கீழே இறங்கியிருக்கும். முகங்களைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். எங்கே இறங்கினோம் என்று அவர்களையே தேட விடுங்கள். நான் பார்த்தவரை இடங்கள் மூன்று. ஒரே சுவரம் பல அட்சரங்களுக்கு, அதாவது தாள எண்ணிக்கைகளுக்கு, நீளும் இடம், மேலிருந்து படிப்படியாக இறங்கும் இடம், வரி முடிந்து மூச்சு தீர்ந்துபோகும் இடம். இறங்கும்போது படி கொஞ்சம் பெரிதாகிவிடுகிறது, ஏறும்போது கொஞ்சம் சிறிதாகிவிடுகிறது. வீட்டு மாடிப்படியில் நம் கால்களும் அப்படித்தான்.

கீபோர்டு வைத்துச் சொல்லித்தருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கீபோர்டில் இருக்கும் அந்தர காந்தாரம் (மோகனத்தில் வரும் "க"), தம்பூராவோடு இயல்பாகச் சேரும் காந்தாரத்தைவிட ஓர் அரைச்சுவரத்தில் ஏழில் ஒரு பங்கு உயரம். மோகனத்தில் அந்தக் காந்தாரம்தான் முக்கியமான சுவரம். கீபோர்டில் கற்று, தம்பூராவோடு பாடினால் அங்கே மட்டும் ஏதோ இனிப்புக் குறைவதுபோல் இருக்கும். மெட்டைப் பழக்கக் கீபோர்டு போதும். சுருதி சேர்க்க அதை மூடி வையுங்கள்.

உயிரெழுத்துதான் பாதிக் கதை

ஆரம்பத்தில் சொன்ன ஆறு பெண்களின் பிரச்சினை சுருதியில் இல்லை என்றேனே, அது இங்கே இருந்தது. ஒருத்தி "ஆ"வை வாயை முழுக்கத் திறந்து பாடினாள். இன்னொருத்தி சிரித்த முகத்தோடு பாடியதால் அவளுடைய "ஆ" பக்கவாட்டில் அகலமாக வந்தது. மூன்றாமவளின் "ஆ" பாதி "ஓ". சுவரம் ஒன்றே என்றாலும் வாயின் வடிவம் மாறினால் ஒலியின் நிறம் மாறிவிடும், கேட்பவர் காதுக்கு அது சுருதி விலகல் போலவே படும். சுருதி சேரவில்லை என்று தோன்றினால் முதலில் வாயைப் பாருங்கள். ஆறு பேரையும் ஒருத்தியின் "ஆ"வைப் பார்த்துத் தங்கள் வாயை அமைக்கச் சொன்னேன். வேறெதுவும் மாற்றவில்லை. அடுத்த முறை பாடியபோது பின்னால் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

தமிழில் பாடும் குழுக்களுக்குச் சில தனிச் சிக்கல்கள் உண்டு. மேற்கத்தியப் பயிற்சி நூல்களில் அவற்றைத் தேடிப் பயனில்லை. பள்ளியில் படித்த இலக்கணம்தான் கைகொடுக்கும்.

முதல் சிக்கல் ஐகாரம். "மலை", "தலை" போன்ற சொற்களின் கடைசியில் வரும் ஐ, தன் இரண்டு மாத்திரையில் நின்று ஒலிப்பதில்லை, ஒரு மாத்திரையாகக் குறுகிவிடுகிறது. பேச்சில் அது கிட்டத்தட்ட "மலெ" ஆகிவிடும். இந்தச் சொல்லின் கடைசியில் நான்கு அட்சரத்துக்கு நீட்டி நிற்கும் கார்வை வந்தால் என்ன செய்வது? முப்பது பேர் குழுவில் பத்துப் பேர் "எ"வில் நீட்டுவார்கள், பத்துப் பேர் "அ"வில் நின்று கடைசியில் "இ"க்குப் போவார்கள், மீதிப் பேர் தொடங்கிய உடனே "இ"யில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். இதில் எது சரி என்று பண்டிதர்கள் சண்டை போடட்டும். பயிற்சியாளர் ஒன்றைத் தேர்ந்து அறிவிக்க வேண்டும். நான் "அ"வுக்கும் "எ"வுக்கும் நடுவில் நிற்கச் சொல்லி, விடுகிற கணத்தில் மட்டும் "இ"யைத் தொடச் சொல்வேன்.

இரண்டாவது குற்றியலுகரம். "பாட்டு", "விளக்கு" என்பவற்றின் கடைசி உகரத்துக்கு அரை மாத்திரைதான். உதடு குவிவதில்லை. "பசு"வின் உகரம் அப்படியல்ல, உதடு குவியும். இந்த அரை மாத்திரையை இசையமைப்பாளர் நாலு மாத்திரைக்கு இழுத்திருப்பார்! குழுவில் பாதிப் பேர் உதட்டைக் குவித்து "பாட்டூ" என்று ஊதுவார்கள், மீதிப் பேர் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். உதட்டைக் குவிக்காமல், தாடையை மட்டும் கொஞ்சம் தளர்த்தி நீட்டிப் பாருங்கள். கேட்பதற்கு இயல்பாகவும் இருக்கும், நீளவும் செய்யும்.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. தமிழ்ச் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை. ஆங்கிலப் பாட்டுப் பாடும் குழு, வரி முடிவில் வரும் "ஸ்", "ட்" ஒலிகளை முப்பது பேரும் ஒன்றாகப் போட மணிக்கணக்கில் மல்லுக்கட்டும். நமக்கு அந்தத் தொல்லை கிடையாது. நம் சொற்கள் உயிரில் முடியும், இல்லாவிட்டால் ம், ன், ல், ள், ர் போன்ற மென்மையான மெய்யில் முடியும். "ம்" வந்தால் எந்த அட்சரத்தில் உதட்டை மூட வேண்டும் என்பதை மட்டும் முடிவு செய்துகொண்டால் போதும். சீக்கிரம் மூடினால் பாட்டு முழுக்க வண்டு ரீங்காரம்தான்.

லகர, ளகர, ழகர வேறுபாட்டைப் பற்றி நான் தனியாக எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது.

சுவரத்தை அசைத்துப் பாடும் கமகத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தனியாகப் பாடும்போது அழகாக இருக்கும் ஒரு அசைவு, பத்துப் பேர் பத்து விதமாக அசைத்தால் கூழாகிவிடும். எத்தனை அசைவு, எந்த வேகத்தில், எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் கமகத்தை எடுத்துவிட்டு நேராக நிற்பதே நல்லது. இதைச் சொன்னதற்காக ஒரு பாட்டு வாத்தியார் என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை.

மூச்சும் கையும்

ஒருவரால் பாட முடியாத நீளத்துக்கு ஒரு வரியைக் குழுவால் பாட முடியும். 16 அட்சரம், நிமிடத்துக்கு 60 அட்சர வேகம் என்றால் 16 விநாடி. ஒரே மூச்சில் அதைப் பாடுவது பழகாதவருக்குக் கஷ்டம். குழுவிலோ ஒவ்வொருவரும் வேறு வேறு இடத்தில் மூச்சு வாங்கினால் வரி அறுபடாமல் ஓடும். நான் இதற்குத் திருட்டு மூச்சு என்று பெயர் வைத்திருக்கிறேன். திருடனுக்கு மூன்று விதி. எல்லாரும் வாங்கும் இடத்தில், அதாவது வரி முடிவில், வாங்கக் கூடாது. நீண்ட உயிரெழுத்தின் நடுவில் வாங்க வேண்டும். போகும்போது குரலைக் குறைத்துக்கொண்டு போய், வரும்போதும் மெல்ல வந்து சேர வேண்டும். அடுத்தடுத்து நிற்பவர்கள் ஒரே நேரத்தில் திருடாமல் இருக்க, யார் எந்த இடத்தில் என்று முதல் சில ஒத்திகைகளில் பென்சிலால் குறித்துக்கொள்வது நல்லது.

மாறாக, பாட்டின் எடுப்பில் மட்டும் எல்லாரும் ஒன்றாக மூச்சு வாங்க வேண்டும். "ஒன், டூ, த்ரீ" என்று எண்ணுவதைவிட, நடத்துபவர் கையை உயர்த்திக்கொண்டே தானும் மூச்சு இழுத்தால் போதும். அந்த மூச்சின் வேகத்தில்தான் பாட்டின் வேகம் இருக்கிறது. மெதுவாக இழுத்தால் விளம்பம், வெடுக்கென்று இழுத்தால் துரிதம்.

தாளத்தைப் பொறுத்தவரை, இவ்வளவு நேரம் காதைப் புகழ்ந்துவிட்டு இதைச் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள், காதை நம்ப வேண்டாம். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். மேடையின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் 10 மீட்டர் என்றால், அந்த முனையில் பாடுவது இங்கே வந்து சேர விநாடியில் நூறில் மூன்று பங்கு ஆகும். அதைக் கேட்டு நான் பாட, என்னைக் கேட்டு அவர் பாட, பாட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தூங்கிவிடும். நடத்துபவர் கையைப் பார்ப்பதில் அந்தத் தாமதம் இல்லை. அதனால் சுருதிக்குக் காது, தாளத்துக்குக் கண். பள்ளிப் பிள்ளைகள் தரையைப் பார்த்துப் பாடுகிறார்கள் என்றால் வெட்கம் மட்டும் காரணமல்ல, பார்க்கும்படி யாரும் எதிரே நிற்பதில்லை.

எத்தனை கட்டை?

ஆண்களும் பெண்களும் சேர்ந்த அமெச்சூர் குழுவில் எல்லாரும் தடுக்கி விழும் இடம் இது. கட்டை என்பது பாட்டின் ஆதார சுருதி எவ்வளவு உயரம் என்று சொல்லும் எண். கர்நாடக சங்கீதப் பழக்கத்தில் ஆண்கள் பெரும்பாலும் 1 கட்டையிலிருந்து 2 கட்டைக்குள் பாடுவார்கள், பெண்கள் 4½ முதல் 6 வரை. ஆண்களுக்கு ஏற்ற சுருதியில் பெண்கள் அடித்தொண்டையில் முனகுவார்கள். பெண்களுக்கு ஏற்ற சுருதியில் ஆண்கள் கழுத்து நரம்பு புடைக்க நிற்பார்கள். பாட்டு ஒரே ஸ்தாயிக்குள், அதாவது கீழ் "ச" முதல் மேல் "ச" வரை, அடங்கினால் 2½ அல்லது 3 கட்டை என்று சமரசம் செய்யலாம். இரு தரப்புக்கும் முழுத் திருப்தி இருக்காது, ஆனால் யாருக்கும் வலிக்காது. அதற்கு மேல் போகும் பாட்டு என்றால், பஜனையில் செய்வதுபோல் வரிகளைப் பிரித்துக் கொடுங்கள். கீழே உலவும் பல்லவி ஆண்களுக்கு, மேலே எழும் அனுபல்லவி பெண்களுக்கு. பாட்டுக்கும் அது அழகு.

சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று நான்கு குரலாகப் பிரித்துப் பாடும் தேவாலய முறை இந்தச் சிக்கலை அடியோடு தீர்த்துவிடுகிறது. அவரவர் குரலுக்கு ஏற்ற வரி அவரவர்க்கு. ஆனால் ஒரு வரியைச் சேர்ந்து பாடவே திணறும் குழுவிடம் நான்கு வரியைக் கொடுக்காதீர்கள். முதலில் ஒரு மெட்டு, அதன் கீழே ஒரு பாதிக் குழு ஆதார சட்ஜத்தை, அதாவது அடிப்படை "ச"வை, மட்டும் பிடித்து நிற்கட்டும். அதுவே இரண்டு குரல் இசைதான்.

சிறுவர்கள் விஷயத்தில் ஆசிரியர்கள் அடிக்கடி செய்யும் தவறு, தங்களுக்கு வசதியான தாழ்ந்த சுருதியில் எடுத்துக் கொடுப்பது. பிள்ளைகள் அங்கே பாட முடியாமல் பேச்சுக்குரலில் கத்துகிறார்கள். கொஞ்சம் உயர்த்தி எடுங்கள், குரல் தானாக மென்மையாகும். குரல் உடையும் வயதில் இருக்கும் பையன்களை மட்டும் தனியாகக் கவனியுங்கள். அவர்களிடம் அந்தச் சில மாதங்களுக்கு நாலைந்து சுவரம்தான் ஒழுங்காக இருக்கும். அந்தச் சுவரங்களில் அமையும் வரியைக் கொடுங்கள், கேலி செய்யாதீர்கள்.

வாயை மட்டும் அசைக்கிறவர்

எங்கள் குடியிருப்பில் பொங்கலுக்காக ஒரு குழு சேர்த்தபோது, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் வந்தார். "தம்பி, என்னைப் பின்வரிசையில போட்டுடுங்க. நான் வாயை மட்டும் அசைக்கிறேன். ஸ்கூல்ல அப்படித்தான் பண்ணச் சொன்னாங்க" என்றார். ஐம்பது வருடத்துக்கு மேலாக அவர் அந்த உத்தரவுக்குக் கட்டுப்பட்டிருக்கிறார்.

சுருதி சேராதவர் என்று நாம் ஒதுக்குகிறவர்களில் பலருக்குக் காதில் கோளாறு இல்லை. கேட்பதைக் குரலால் பிடிக்கிற பழக்கம்தான் இல்லை. அவரை என் சுவரத்துக்கு வரச் சொல்லி வற்புறுத்தினால் நடக்காது. நான் அவருடைய சுவரத்துக்குப் போனேன். தெருவில் போகிற ஆளைக் கூப்பிடுவதுபோல் "ஓஓய்" என்று குரல் கொடுங்கள் அண்ணா என்றேன். கொடுத்தார். அதன் சுருதியைப் பிடித்து நானும் அதே "ஓ"வில் நின்றேன். இருவர் குரலும் ஒன்றாக இருப்பது எப்படி இருக்கும் என்று அவர் கேட்டது அநேகமாக அதுதான் முதல் முறை. பிறகு இருவருமாக அரைச் சுவரம் ஏறினோம், இறங்கினோம். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம். நான்காவது வாரம் குழுவின் சட்ஜத்தில் அவரால் நிற்க முடிந்தது. மேலே போகும் வரிகளில் இன்னமும் தடுமாறுவார். அங்கே மட்டும் ஆதார சட்ஜத்தைப் பிடித்து நிற்கச் சொல்லியிருக்கிறேன். பின்வரிசையில் வைக்கவில்லை. நன்றாகப் பாடும் இரண்டு பேருக்கு நடுவில் நிற்கிறார், இரண்டு காதிலும் சரியான சுவரம் விழும்படி.

இந்த இடமாற்றத்தைக் குழு முழுவதற்கும் செய்து பாருங்கள். ஒத்திகைக்கு ஒத்திகை ஆட்களை மாற்றி நிறுத்துங்கள். எந்தக் குரல் எதன் பக்கத்தில் நின்றால் மறைந்து கலக்கிறது, எது முட்டிக்கொள்கிறது என்பது கணக்குப் போட்டு வருவதல்ல. கைப்பேசியை ஐந்து மீட்டர் தள்ளி வைத்துப் பதிவு செய்து, எல்லாரும் உட்கார்ந்து கேளுங்கள். நீங்கள் சொல்ல வேண்டியதில் பாதியை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

கடைசியாக, முடிப்பது. தமிழ்த்தாய் வாழ்த்தில் "வாழ்த்துதுமே" என்று மூன்று முறை வரும், கடைசி "மே" நீளும். அதை எங்கே விடுவது? வாயை மூடி நிறுத்தினால் "மேம்" என்று ஆகிவிடும், தொண்டையை இறுக்கி நிறுத்தினால் விக்கல் போல் கேட்கும். வாய் திறந்தபடியே இருக்க, என் கை மூடும்போது எல்லாரும் மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். ஒலி தானாக நின்றுவிடும். பிறகு இரண்டு விநாடி யாரும் அசையாமல் அறையைக் கேட்கச் சொல்வேன். முதல் சில வாரங்கள் அந்த நிசப்தத்தில் யாரோ ஒருவருடைய "ஏ" மட்டும் வால் போல் நீண்டு தொங்கும். யாருடையது என்று எனக்குத் தெரியும். அவர் பக்கம் திரும்பாமல், கடைசி வரியை மறுபடி எடுக்கச் சொல்வேன்.